நாகதாளிக் கடையில் தேர் நின்ற வருஷம்

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் என்னோடு கடைசி வாங்கில் உட்கார்ந்து, கொப்பிக்குக் கீழே சிப்ஸ் பைக்கற்றை மறைத்துவைத்துத் தின்றவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருக்கு முன்தலை ஏறிவிட்டது. எனக்கு வலது காதுக்கு மேலே ஒரு கற்றை நரைத்துவிட்டது. அதை மறைக்க நான் படும் பாடு சொல்லி மாளாது. நமக்குப் பெரிய வயது ஒன்றும் ஆகவில்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் முழங்காலைப் பற்றித்தான் கதைக்கிறோம். அடுத்தது லா சப்பல், பாரிஸில் நம்மவர்களின் கடைத்தெரு.

போன மாதம் நமது வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார், அங்கே ஒரு மெக்சிக்கோச் சாப்பாட்டுக் கடை இருந்ததே, அது இன்னும் இருக்கிறதா என்று. உடனே பதில்கள் வந்து விழுந்தன. நாகதாளிக் கடையா? மாட்டுக் கடையா? தேர் சிக்கின கடையா? ஏணிக்குப் பொட்டு வைக்கிற மாமாவின் கடையா? எல்லாம் ஒரே கடைதான். அந்த மாமா என் அம்மாவின் அண்ணன். கடை இன்னும் இருக்கிறது. ஆனால் தேர் சிக்கிய கதையை நீங்கள் எல்லாரும் பிழையாகத் தெரிந்துவைத்திருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. போன கிழமை வரைக்கும் நானும் பாதி பிழையாகத்தான் தெரிந்துவைத்திருந்தேன்.

அப்போது நாங்கள் பாரிஸுக்கு வெளியே கார்ஜில் இருந்தோம். சனிக்கிழமை விடிந்தால் ரயில் ஏறி, கார் து நோர் நிலையத்தில் இறங்கி, தமிழ் வகுப்புக்கு நடை. வகுப்பு முடிய அம்மாவோடு மரக்கறிக் கடை. முருங்கைக்காயை முறித்துப் பார்த்து, விலை கேட்டு, திட்டி, அதையே வாங்குவார். அப்பா சலூன் வாசலில் நின்று ஊர்ப் புதினம் கதைப்பார். இதெல்லாம் முடிந்து கால் சோரும் நேரத்தில் மாமாவின் கடைக்குப் போவோம். வழியெல்லாம் கொத்துரொட்டி கொத்தும் சத்தமும் வடை மணமும் இருக்க, அவற்றைத் தாண்டிப்போய் மெக்சிக்கோச் சாப்பாடு சாப்பிட்ட ஒரே தமிழ்க் குடும்பம் அந்தத் தெருவில் நாங்களாகத்தான் இருப்போம்.

ரூ பஜோல் தெருவுக்குப் பக்கத்தில், தேர் போகும் வழியில், ஒரு ஒடுக்கமான தெருவில் கடை இருந்தது. அலங்காரம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. பச்சை மேசைகள், ஒன்றுக்கொன்று சோடி இல்லாத கதிரைகள், பூப்போட்ட பிளாஸ்ரிக் விரிப்பு. ஒரு சுவரில் மெக்சிக்கோக் கலண்டர், மறு சுவரில் நகைக்கடைக் கலண்டர். சாப்பாட்டு வகைகளைச் சுவரிலேயே பெயின்றால் எழுதியிருந்தார்கள். அதனால் அந்தக் கடையில் எதையும் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. விலையை மட்டும் சோக்கட்டியால் எழுதி அழிப்பார்கள்.

சுவரில் எழுதியவர், மதாம் என்று நாங்கள் எல்லாரும் கூப்பிட்ட மெக்சிக்கோக்கார அம்மாவின் கணவர். அவர்தான் கடையின் முதல் முதலாளி. மதாமும் அவரும் மெக்சிக்கோவிலிருந்து வந்து கடை திறந்தபோது அந்தப் பக்கத்தில் ஒரு தமிழ்க் கடையும் இருக்கவில்லையாம். பிறகு நம்மவர்கள் வந்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவரான மாமா, விசா இல்லாத இளந்தாரியாக அங்கே கோப்பை கழுவச் சேர்ந்தார். கழுவினவர் வெங்காயம் வெட்டினார், பிறகு சட்டி கிண்டினார், பிறகு எங்களுக்கு விளங்காத ஸ்பானிய மொழியில் மதாமோடு சண்டை பிடித்தார். கணவர் இறந்து, பிள்ளைகளும் தூர தேசங்களில் தங்கிவிட, மதாம் கடையை மாமாவுக்கும் மாமிக்கும் விட்டுவிட்டு மேல்மாடியில் இருந்தார். மாமாவை "இஹோ" என்று கூப்பிடுவார். மகன் என்று அர்த்தம்.

மதியம் ஆனதும் மதாம் படியிறங்கி வருவார். கண்ணாடிக்குப் பக்கத்து மேசையில் இருப்பார். மாமா ஒரு கரண்டியில் மாட்டிறைச்சிக் குழம்பு கொண்டுவந்து நீட்டுவார். மதாம் ஊதி, சுவைத்து, கண்ணை மூடி, தலையை ஆட்டுவார். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்குப் பரிமாறுவார்கள். கொத்தனார், தபால்காரர், டாக்சி ஓட்டுபவர் என்று வாடிக்கைக்காரர் எவ்வளவு அவசரத்தில் இருந்தாலும் அந்தத் தலையாட்டலுக்குக் காத்திருப்பார்கள்.

சமையலறையின் மேசைக்கு நடுவே ஒரு சிவப்பு ஒட்டுநாடா ஒட்டியிருந்தது உங்களில் யாருக்காவது நினைவிருக்கிறதா? நீங்கள் உள்ளே வந்திருக்க மாட்டீர்கள். நாடாவுக்கு அந்தப் பக்கம் மாமாவின் இறைச்சிச் சட்டி. இந்தப் பக்கம் மாமி. மாமி முட்டைகூடத் தொடாத சுத்த சைவம். சோள மாவை உருட்டி, இரும்புத் தட்டுகளுக்கு இடையில் வைத்து அமத்தி, கல்லில் போட்டு எடுப்பார். சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் அவித்து ஊறவைத்து அரைக்க வேண்டும். முந்தி மதாம் அந்தச் சுண்ணாம்புக்குப் படாத பாடு பட்டாராம். நம்மவர்கள் வெற்றிலைக் கடை போட்டதும் அந்தக் கவலை தீர்ந்தது. சூடான கல்லில் அந்த ரொட்டி உப்பும்போது வரும் மணத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. மழையில் நனைந்த சுவருக்குப் பக்கத்தில் யாரோ சோளம் சுட்டால் எப்படியோ, அப்படி இருக்கும்.

அம்மாவுக்கு அந்தச் சாப்பாடு கடைசிவரை பிடிபடவில்லை. அவக்காடோவை மசித்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் தேசிக்காய்ப் புளியும் விட்டு மாமி முதன்முதல் வைத்தபோது அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்:

"அண்ணி, சீனி போட மறந்து போனியளோ?"

ஊரில் அந்தப் பழத்தைச் சீனி போட்டுத்தானே தின்பார்கள். மாமி சிரித்தபடியே சீனிப் போத்தலைக் கொண்டுவந்து வைத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் நாங்கள் போய் இருந்ததும் முதலில் மேசைக்கு வருவது சீனிப் போத்தல்தான்.

கடைக்கு இரண்டு கெட்ட பெயர் இருந்தது. ஒன்று மாட்டிறைச்சி. மற்றது வாசலில் தொங்கிய பலகை. வாசலுக்கு மேலே சுவரில் ஒரு இரும்புக் கை. அதில் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டு ஒரு தகரப் பலகை, அதில் முள்ளும் பூவுமாக ஒரு பச்சைக் கள்ளி. மெக்சிக்கோக்காரருக்கு அது கொடியில் போடுகிற அளவுக்குப் பெருமை. நம்மவர்களுக்கு அது வேலியோரத்து நாகதாளி. வாசலில் முள்ளைத் தொங்கவிட்டால் குடும்பம் விளங்குமா என்று கேட்டார்கள். மாமாவுக்கும் மாமிக்கும் பிள்ளை இல்லாததற்குக் காரணம் அந்தப் பலகைதான் என்று புடவைக் கடை வாசலிலேயே முடிவு கட்டிவிட்டார்கள். அம்மாவும் அதை அரைவாசி நம்பினார்.

"அந்த முள்ளைக் கழட்டி உள்ளை வையுங்கோ அண்ணை. சனம் ஒவ்வொண்டு கதைக்குது."

"சனம் இஞ்சை வந்து சாப்பிட்டிட்டுக் கதைக்கட்டும், கழட்டுறன்," என்பார் மாமா.

இனித் தேருக்கு வருகிறேன். கோடை முடியும் நேரத்துப் பிள்ளையார் தேர் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடை வாசலெல்லாம் நிறைகுடம், குத்துவிளக்கு, மஞ்சள் பூசிய தேங்காய்க் குவியல். தேர் ஒவ்வொரு வாசலிலும் நிற்கும், ஐயர் அர்ச்சனைத் தட்டை வாங்குவார், பெயரும் நட்சத்திரமும் கேட்பார், தேங்காய் சிதறும். மாமியும் வருஷா வருஷம் நிறைகுடம் வைத்து, பட்டுச்சேலை உடுத்து, தட்டோடு நிற்பார். தேர் அந்த வாசலைத் தாண்டிப் போய்விடும். யாரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொன்னதில்லை. தேருக்கு முன்னால் வழி விலக்கிப் போகும் தொண்டர் அண்ணை மட்டும், "இதிலை தெரு ஒடுக்கம் அக்கா, நிப்பாட்டேலாது," என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போவார். அதே தெருவில் அடுத்த வாசலில் தேர் நிற்கும்.

தேருக்கு முதல் மாமா ஏணி வைத்து ஏறி, அந்த இரும்புக் கையைச் சுவரோடு மடக்கிவிடுவார். கீல் வைத்த கை. கூட்டுகிற தும்புத்தடியால் தள்ளினாலே போதும், சுவரோடு ஒட்டிக்கொள்ளும். தேர் போனதும் திரும்ப நீட்டிவிடுவார். சாமி போகும்போது தன் முள்ளு சாமியின் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்கிற அளவுக்கு மரியாதை உள்ள மனிதர்தான். ஆனால் கோயிலுக்குள் கால் வைக்க மாட்டார். ஒருமுறை அப்பா இதைக் கேட்டபோது மாமா சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"விசாவுக்கு விடியக் காத்தாலை குளிருக்குள்ளை என்னோடை வந்து வரிசையிலை நிண்டது ஆர்? மதாம். உங்கடை பிள்ளையார் வந்து நிண்டவரே?"

அப்பா அதை அகம்பாவம் என்று எடுத்துக்கொண்டார். வீட்டுக்குப் போகும் ரயிலில் முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிக் கொதித்தார்.

அது 2009. அந்த வருஷத்தை உங்களுக்கு விளக்க வேண்டாம். மே மாதத்துக்குப் பிறகு நம் வீடுகளில் பெரியவர்கள் டீவியை நிறுத்திவிட்டு வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பிரெஞ்சில் சத்தமாகச் சிரித்தால் தமிழில் அடி விழுந்தது. இந்த வருஷம் தேர் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். இந்த வருஷம்தான் வேண்டும் என்று மற்றவர்கள் சொன்னார்கள். ஒவ்வொரு வீட்டிலும் தகவல் தெரியாத ஒருவரின் பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சாமியின் காதில் போடுவதற்காகவே பலர் அந்தத் தேருக்குக் காத்திருந்தார்கள்.

மாமாவின் கடையில் வேறொரு கவலை. கோடை தொடங்கும்போது மதாமுக்கு நெஞ்சில் வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தவர் கட்டிலோடு கிடந்தார். சாப்பாடு இறங்கவில்லை. நாங்கள் போகும் சனிக்கிழமைகளில் மாமி கோப்பையோடு மாடிப்படி ஏறுவதும், கோப்பை அப்படியே திரும்பி வருவதும் நடந்தது. மாமியின் பிரெஞ்சு மட்டுமட்டு, ஸ்பானியம் அறவே இல்லை. மதாமுக்குத் தமிழில் தெரிந்த ஒரே சொல், போதும் என்று பொருள்படும் "காணும்". ஒருவர் "இன்னும் கொஞ்சம்" என்று தமிழில் கெஞ்ச, மற்றவர் "காணும், காணும்" என்று தள்ள, அந்த மாடியறையிலிருந்து வரும் சத்தம் ஒரு தாயும் மகளும் சண்டை பிடிப்பதைப் போலவே இருக்கும். மதியத்தில் கண்ணாடிப் பக்கத்து மேசை வெறுமையாகக் கிடந்தது. மாமா கரண்டியை மாடிக்குக் கொண்டுபோவார். மதாம் உதட்டில் தொட்டுவிட்டுத் தலையை ஆட்டுவார். வாடிக்கைக்காரர்கள் மாடிப்படியைப் பார்த்தபடி காத்திருப்பார்கள்.

தேருக்கு முதல் சனிக்கிழமை மாமி அம்மாவிடம் சொன்னதை நான் சீனியை நக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இந்த வருஷம் ஒருக்கா நிண்டாக் காணும் தங்கச்சி. ஒரே ஒரு அர்ச்சனை. வேறை ஒண்டும் கேக்கேல்லை."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மாமிக்கு நாற்பது நெருங்குகிறது, பிள்ளைக்குத்தான் கேட்கிறா என்று அன்றே அப்பாவிடம் சொன்னார். அப்பாவும் இளகி, தொண்டர் அண்ணையிடம் போய்ப் பேசிப்பார்த்தார். அந்த அண்ணை நல்ல மனிதர், இழுத்து இழுத்துக் கடைசியில் சொல்லிவிட்டார்: தேர் நாளில் அந்தச் சட்டி அடுப்பில் இல்லையென்றால் நிற்பதில் ஒரு கரைச்சலும் இல்லை. ஒரே ஒரு நாள். அப்பா பெரிய காரியம் முடித்த முகத்தோடு மாமாவிடம் ஓடினார்.

"ஒரு நாள்தானே மச்சான். இறக்கி வைச்சிட்டுப் பேந்து ஏத்துங்கோ."

மாமா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"மதாம் மேலை கிடக்கேக்கை நான் அந்தச் சட்டியை இறக்கமாட்டன்."

"மனிசிக்காக ஒரு சட்டியை இறக்கேலாதோ?"

"அவ மணத்தைப் பிடிச்சுக்கொண்டுதான் கிடக்கிறா. மணம் வராட்டில் கடை பூட்டியாச்சு எண்டு நினைப்பா."

அப்பா வீம்பு என்றார். ரயிலில் மட்டுமல்ல, கார்ஜிலும், லெ பிளாங்-மெனிலில் இருந்த பெரியப்பா வீட்டிலும் அதையே சொன்னார். பல வருஷங்களுக்கு எங்கள் வீட்டில் வீம்பு என்ற சொல்லுக்கு உதாரணம் மாமாதான்.

தேரன்று நாங்கள் விடியவே போய்விட்டோம். அம்மா மாமிக்குச் சேலை கொய்து விட உள்ளே போனார். நான் வாசலில் நின்றேன். மாமா ஏணியில் நின்றுகொண்டிருந்தார். கையில் குறடு, வாயில் கம்பித் துண்டு. வழக்கம்போல இரும்புக் கையை மடக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அதை நன்றாக வெளியே நீட்டி, கீலைச் சுற்றிக் கம்பியால் இறுக்கிக் கட்டினார். அதன் மேல் ஒரு மாவிலைத் தோரணத்தை எறிந்து கம்பியை மறைத்தார். இறங்கி என்னைக் கண்டதும், "வடிவாக் கிடக்கோ?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். ஏணியைக் கொண்டுபோய் நிலவறைக் கதவுக்குப் பின்னால் சாத்தினார். எனக்கு அவர் முள்ளுக்கு அலங்காரம் செய்கிறார் என்றுதான் பட்டது.

வாசலில் பெரிய கண்ணாடிச் சாடியில் சிவப்புச் சர்பத் வைத்திருந்தார். செவ்வரத்தம்பூவைக் காயவைத்து ஊறவைத்த மெக்சிக்கோத் தண்ணீர், ஐஸ் மிதந்தது. நம் சனம் கோப்பையை வாங்கி, என்ன என்று கேட்டு, செவ்வரத்தம்பூ என்றதும் திகைத்தது. சாமிக்கு வைக்கிற பூவை யாராவது குடிப்பார்களா? பெரியவர்கள் மெல்ல வைத்துவிட்டுப் போனார்கள். நாங்கள் பிள்ளைகள் வயிறு வீங்கும்வரை குடித்து, நாக்கை நீட்டிச் சிவப்பைக் காட்டிக்கொண்டு திரிந்தோம். அந்த நாக்குகளில் சில இப்போது இதை வாசித்துக்கொண்டிருக்கும்.

தேர் வந்தது. வடம் பிடித்தவர்கள் தெருவை நிறைத்து வந்தார்கள். எதிர்ப்பக்கத்தில் யாரோ எடுக்காமல் விட்ட ஒரு கார் நின்றது. அதனால் தேர் எங்கள் பக்கத்துச் சுவரை ஒட்டி வரவேண்டியிருந்தது. மாமி தட்டோடு முன்னால் ஒரு அடி வைத்தார். தொண்டர் அண்ணை அந்தப் பக்கம் பார்க்காமலே வடக்காரருக்குக் கை காட்டினார். தேர் மெல்ல எங்கள் வாசலைத் தாண்டத் தொடங்கியது. சரி, இந்த வருஷமும் போய்விட்டது என்று அம்மா என் தோளை அமத்தினார். அப்போதுதான் தேரின் பக்கத்தில் தொங்கிய துணித் தொம்பை நாகதாளிப் பலகையில் மாட்டியது. சட்டம் கிறீச்சிட்டது. "நிப்பாட்டுங்கோ," என்று மேலிருந்து ஐயர் கத்தினார். தேர் நின்றது.

தொண்டர் அண்ணை தும்புத்தடியால் தள்ளிப் பார்த்தார். கை அசையவில்லை. பின்னுக்கு இழுக்க வழியில்லை, பின்னால் சனம் நெருக்கிக்கொண்டு நின்றது. ஒரு பொலிஸ்காரர் வந்து பலகையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், ஏணி கொண்டுவரச் சொன்னார். பொலிஸ் உடுப்பைக் கண்டதும் மாமாவின் முகம் வெளிறிவிட்டது. "வி முஸ்யோ, வி முஸ்யோ," என்று தலையாட்டியபடி உள்ளே ஓடினார். திரும்பி வரவில்லை. நான் உள்ளே ஓடினேன். மாமா நிலவறைப் படியில் நின்று வியர்த்துக்கொண்டிருந்தார்.

"ஏணி கதவுக்குப் பின்னாலை மாமா."

"அங்கை இல்லைப் பிள்ளை."

கதவைத் திறந்து பார்த்தேன். உண்மையிலேயே இல்லை. எங்கேயோ ஒளித்துவிட்டு என்ன அழகாக நடிக்கிறார் என்று எனக்கு அவர்மீது பெரிய மதிப்பு வந்தது. யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று நானே முடிவு செய்துகொண்டு வெளியே வந்தேன்.

வெளியே புடவைக் கடை ஏணிக்கு ஆள் போயிருந்தது. அந்த நெரிசலுக்குள் அது வந்து சேரச் சுணங்கும் என்று எல்லாருக்கும் தெரிந்தது. நாதஸ்வரக்காரர் ஊதிக்கொண்டே இருந்தார். தேர் நிற்கிறது, முன்னால் விளக்கு எரிகிறது, நிறைகுடம் இருக்கிறது, ஒரு மனிசி தட்டோடு நிற்கிறார். ஐயர் தொண்டர் அண்ணையைப் பார்த்தார். அண்ணை தன் சப்பாத்தைப் பார்த்தார். ஐயர் குனிந்து கையை நீட்டினார்.

"தட்டைத் தாங்கோ அம்மா. பேர், நட்சத்திரம்?"

மாமி ஒரு நீளமான பெயரைச் சொன்னார். ஐயருக்கு விளங்கவில்லை. மாமி திரும்பச் சொன்னார், ஒவ்வொரு துண்டாக. அது மதாமின் முழுப் பெயர், செத்துப்போன கணவரின் பெயரும் சேர்த்து. அம்மா பதறிப்போய் மாமியின் முழங்கையைப் பிடித்தார்.

"அண்ணி, உங்கடை பேரைச் சொல்லுங்கோ."

"என்ரை பேர் பிள்ளையாருக்குத் தெரியும்," என்றார் மாமி.

"நட்சத்திரம்?" என்று கேட்டார் ஐயர்.

"தெரியாது ஐயா. மேலை யன்னலிலை நிக்கிறா. பாத்துச் சொல்லுங்கோ."

எல்லாரும் நிமிர்ந்து பார்த்தோம். கட்டிலை விட்டு எழும்பாத மதாம் யன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரவு உடுப்பின் மேல் ஒரு சால்வை. பலகைக்கு நேர் மேலே அவருடைய யன்னல். தேரில் பிள்ளையார் இருந்த உயரத்துக்குக் கொஞ்சம் மேலே அவர் முகம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐயர் அந்தப் பெயரைச் சமஸ்கிருதத்தின் நடுவே வைத்துக் குழறிக் குழறிச் சொன்னார். ஊரிலுள்ள அத்தனை பெயர்களுக்கும் நடுவில் அன்று மெக்சிக்கோப் பெயர் ஒன்றும் பிள்ளையாரின் காதுக்குப் போனது. தீபம் காட்டி முடிய ஐயர் ஒரு செவ்வரத்தம்பூவை எடுத்து மேலே எறிந்தார். மதாம் அதைப் பிடித்துவிட்டார். சனம் கை தட்டியது. அந்த வருஷம் லா சப்பலில் பெரியவர்கள் சிரித்ததை நான் கண்டது அப்போதுதான்.

மாமா வாசலில் நின்றார், வெறுங்கையோடு. அவர் எப்போது வெளியே வந்தார் என்று தெரியாது. மாமி சொன்ன பெயரைக் கேட்டிருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. அவரும் பிள்ளைக்குத்தான் என்று நினைத்திருந்தார் போலும். ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். வெங்காயம் என்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். புடவைக் கடை ஏணி வந்ததும் அவரே ஏறிக் கம்பியை வெட்டினார். பொலிஸ்காரர் ஏதோ கடுமையாகச் சொன்னார். அப்பா, "மறதிக்காரன், பலகையை மடக்க மறந்து போனான்," என்று எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரிந்தார்.

பிள்ளையார் கொடுத்த பூவை மதாம் சுடுதண்ணீரில் போட்டுக் குடித்துவிட்டாராம். மாமிக்கு முதலில் தூக்கிவாரிப் போட்டது. பிறகு, பிரசாதம்தானே, உள்ளே போனால் சரி என்று விட்டுவிட்டார். அதன் மேல் ஒரு கோப்பை கஞ்சியும் உள்ளே போனது. குளிர் தொடங்கும் நேரத்தில் மதாம் படியிறங்கி வந்து தன் மேசையில் இருந்தார். அவரைக் கண்டதும் கொத்தனார் எழும்பி நின்றார்.

மாமிக்குப் பிள்ளை பிறக்கவில்லை. கதை நன்றாக முடிய வேண்டும் என்பதற்காக ஒன்றைப் பிறப்பிக்க எனக்கு மனமில்லை. ஆனால் தேர் அடுத்த வருஷமும் அந்த வாசலில் நின்றது. சட்டி அடுப்பில்தான் இருந்தது. சாமி ஒருமுறை நின்று பூசை வாங்கிய இடத்தை அடுத்த முறை தாண்டிப் போக நம்மவர்களுக்குத் தைரியம் வராது. தொண்டர் அண்ணையே கையைக் காட்டி நிறுத்தினார். மதாம் மேலும் சில தேர்களை யன்னலிலிருந்து பார்த்தார். ஒரு மாரிகாலத்தில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

போன கிழமை வேலை முடிந்து தனியாகப் போயிருந்தேன். சுவரில் அதே எழுத்து. சீனிப் போத்தல் கேட்காமலே வந்தது, அம்மா இல்லாத மேசைக்கு. கண்ணாடிப் பக்கத்து மேசையில் மாமா இருந்தார். முழங்கால் விட்டுவிட்டது, அடுப்படியில் நிற்க முடியாது. உள்ளே போனேன். சிவப்பு நாடா இல்லை. மேசையில் அதன் பசைக் கோடு மட்டும் இருந்தது. மாமி அந்தப் பக்கம் நின்று இறைச்சிச் சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தார். மதாம் செத்த அன்று மாமா சட்டியை இறக்கிக் கழுவிக் கவிழ்த்தாராம். மறுநாள் காலையில் திரும்ப அடுப்பில் ஏற்றியது மாமிதானாம். இன்றுவரை அதில் ஒரு துளி வாயில் வைத்ததில்லை. கரண்டியை மாமாவிடம் அனுப்புவார், மாமா கண்ணை மூடித் தலையை ஆட்டுவார்.

நிலவறைக் கதவு திறந்திருந்தது. பின்னால் அந்த ஏணி, கீழ்ப்படியில் புதுச் சந்தனப் பொட்டோடு. நீங்கள் எல்லாரும் கேலி செய்த பொட்டு. அந்தத் தேருக்குப் பிறகுதான் மாமா அதைத் தொடங்கினார். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கும் போகத் தொடங்கினார். தன் களவுக்கு உதவிய ஏணிக்கு நன்றி சொல்கிறார் என்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன்.

"மாமி, அண்டைக்கு மாமா கம்பி கட்டினதை நான் பாத்தனான்," என்றேன். இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாதது.

"நானும்தான்," என்றார் மாமி. "சேலை உடுத்துக்கொண்டு நிண்டனான். மேலை யன்னலாலை வடிவாத் தெரிஞ்சது."

"ஏணியை எங்கை ஒளிச்சவர்?"

மாமி கிண்டுவதை நிறுத்தினார். எட்டி, மாமா கண்ணாடிப் பக்கம்தான் இருக்கிறாரா என்று பார்த்தார்.

"அவர் எங்கை ஒளிச்சவர்? அவர் பொலிசைக் கண்டால் நிண்ட நிலையிலை எல்லாத்தையும் தூக்கிக் குடுத்திடுவர். விசா இல்லாமல் திரிஞ்ச ஆளல்லோ. ஏணி வந்தால் ஒரு நிமிசத்திலை தேர் போயிடும். அதுதான் அவர் குளிக்கப் போன நேரம் மேலை கொண்டுபோனனான். மதாமின்ரை கட்டிலுக்குக் கீழை. அவதான் ஏணிக்கால் தெரியுது எண்டு போர்வையை இழுத்து மூடிவிட்டவ. பேந்து பின்னேரம் இருந்த இடத்திலையே வைச்சிட்டன்."

எனக்கு ஏணியின் பொட்டு அப்போதுதான் விளங்கியது. தேரைத் தானே நிறுத்திய மனிதர் மாமா. அதில் சாமிக்குப் பங்கில்லை என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனால் தன் கையால் சாத்திய ஏணி, தேடியபோது இல்லாமல் போய், பின்னேரம் சாத்திய இடத்திலேயே நின்றது. அதை அவர் என்னவென்று எடுத்துக்கொண்டிருப்பார்?

"மாமாவுக்கு நீங்கள் சொல்லேல்லையோ?"

"சொல்லி? அவருக்காக ஒருக்காலும் வராத பிள்ளையார் அண்டைக்கு வந்து ஏணியை எடுத்து மறைச்சவர் எண்டுதானே அவர் நம்புறார். அது அப்பிடியே இருக்கட்டும்."

கரண்டியை என்னிடம் தந்தார். நான் கொண்டுபோய் மாமாவுக்கு நீட்டினேன். ஊதி, சுவைத்து, கண்ணை மூடினார்.

"என்ன ரெண்டு பேரும் உள்ளை கனநேரமாக் கதைச்சியள்?"

"உப்புக் காணுமோ எண்டு பாக்கச் சொன்னவ மாமா."

"காணும்," என்று தலையை ஆட்டினார்.

ஆகவே போங்கள். கடை இருக்கிறது, தேருக்கு முன்பே போங்கள், சோள ரொட்டி கேளுங்கள், மாமி அவக்காடோ வைத்தால் வெட்கப்படாமல் சீனி கேளுங்கள். உங்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போய் அந்தச் சிவப்புத் தண்ணீரைக் குடிக்கக் கொடுங்கள். ஆனால் நிலவறைப் பக்கம் பொட்டு வைத்த ஒரு ஏணி நிற்கும். மாமா அதைப் பற்றித் தானாகவே சொல்லத் தொடங்குவார். முழுவதையும் கேளுங்கள். கேட்டுவிட்டு, "ஓம் மாமா," என்று மட்டும் சொல்லுங்கள்.